பட்டறையில் பிறந்த இங்கிலீஷ்



சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ்ஸில் வரும் சின்னப் பையன்கூட "இது எத்தனாவது கொண்டை ஊசி?" என்று எண்ணிக்கொண்டே வருவான். 'ஹேர்பின் பெண்ட்' என்ற இங்கிலீஷின் நேர்த் தமிழ்தான் அது. கொண்டையில் செருகும் ஊசி ஒரு பக்கம் போய், வளைந்து, மறுபக்கம் திரும்புகிறது, ரோடும் அப்படியே. யாரோ ஒருவர் ரோட்டைப் பார்த்தார், வீட்டில் கிடந்த ஊசி ஞாபகம் வந்தது, பெயர் வைத்துவிட்டார். அவ்வளவுதான் சங்கதி!

'இடியம்' என்றும் 'ஸ்லாங்' என்றும் பெயர் சொல்லி நம்மை மிரட்டுகிற இங்கிலீஷ் சொற்றொடர்களில் ஏகப்பட்டவை இதே வழியில் பிறந்தவைதான். கையில் இருந்த கருவி, கண்ணில் பட்ட பொருள், செய்துகொண்டிருந்த வேலை, இதிலிருந்து ஒரு பேச்சு. பிரபுக்களின் மாளிகையில் பிறந்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பல, உண்மையில் கொல்லன் உலையிலும், துப்பாக்கிப் பட்டறையிலும், ரயில் என்ஜின் ஷெட்டிலும் பிறந்தவை. சொல்லப்போனால் நம்ம ஒர்க்‌ஷாப் பாஷை! அதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விளக்கப் பார்க்கிறேன்.

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். நம்மில் பலபேர் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நேராக டிப்ளமோவுக்கு வந்தவர்கள். பெண்டிங் மொமென்ட் டயகிராம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு போடுவோம். இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் வேகமாக நாலு வார்த்தை இங்கிலீஷில் பேசிவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் மலையைச் சேர்ந்த அண்ணன் ஒருவர். மெக்கானிக்கல் டிப்ளமோ, முதல் வகுப்பு. அவருடைய தாத்தா கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்து எஸ்டேட்டுகளுக்கெல்லாம் கவாத்துக் கத்தியும் மண்வெட்டியும் அடித்துக் கொடுத்தவர். ஒரு கம்பெனி இன்டர்வியூவில், இவர் வேலைக்கும் முயற்சி செய்கிறார், மேற்படிப்புக்கும் அப்ளிகேஷன் போட்டிருக்கிறார், அரசுத் தேர்வுக்கும் படிக்கிறார் என்று கேட்டுவிட்டு, எதிரே இருந்தவர் "யூ ஹேவ் டூ மெனி அயர்ன்ஸ் இன் தி ஃபயர்" என்றாராம். அண்ணனுக்கு 'அயர்ன்', 'ஃபயர்' இரண்டும் புரிந்தன. ஃபர்னஸ் பற்றித்தான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு, இரும்பை எந்தச் சூட்டில் அடிக்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு அவர் எந்த இன்டர்வியூவுக்கும் போகவில்லை. இப்போது ஒரு எஸ்டேட்டில் காபிப் பழம் அரைக்கும் பல்ப்பர் மிஷினைப் பார்த்துக்கொள்கிறார்.

அந்தச் சொற்றொடரின் கதை என்ன தெரியுமா? ஒரு கொல்லன் ஒரே சமயத்தில் நிறைய இரும்புத் துண்டுகளை உலையில் போட்டுவிட்டால் எல்லாவற்றையும் கவனிக்க முடியாது. ஒன்றைப் பட்டடைக்கல்லில் வைத்து அடிப்பதற்குள் இன்னொன்று அளவுக்கு மீறிக் காய்ந்து கெட்டுப்போகும். ஒரே நேரத்தில் பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே என்பது அதன் பொருள். அண்ணனின் தாத்தாவிடம் சொல்லியிருந்தால், "அதைத்தானே நான் தினமும் சொல்றேன்" என்றிருப்பார். அந்த அறையில் அந்த வாக்கியத்துக்கு நிஜமான சொந்தக்காரர் அண்ணன் ஒருவர்தான். அவரைப் பார்த்தே சிரித்தார்கள்! எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததற்குக் காரணமும் இதுதான்.

மஸ்டரும் பெரட்டும்

எனக்கு ஊர் மாரமங்கலம். சேர்வராயன் மலைமேல் காபியும் மிளகும் விளைகிற பக்கம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். காபியோடு கூடவே ஒரு எஸ்டேட் பாஷையும் வந்து இறங்கியது. சேர்வராயன் மலை துரைமார் வாயில் 'ஷெவராய்ஸ்' ஆனது. ஏற்காடு 'யெர்காட்' ஆனது. நம்மாட்களும் சும்மா விடவில்லை. அவர்கள் சொல்லைப் பிடித்து நம் நாக்குக்கு வளைத்துக்கொண்டார்கள்.

அதில் ஒன்று 'மஸ்டர்'. காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தி, பேர் எடுத்து, யாருக்கு எந்த வேலை என்று பிரித்துவிடுவது. "மஸ்டருக்கு நேரமாச்சு" என்று சொல்கிறவர்கள் அதை இங்கிலீஷ் என்று நினைத்துச் சொல்வதில்லை. இலங்கை மலையகத் தோட்டங்களில் இதே காரியத்துக்குப் 'பெரட்டு' என்று பெயர். அது 'பரேட்' என்ற சொல்லின் திரிபு. இரண்டுமே பட்டாளத்துச் சொற்கள். பட்டாளத்து ஒழுங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தபோது சொல்லும் கூடவே வந்துவிட்டது. பிற்காலத்தில் நூறு நாள் வேலைக்கு வந்த வருகைப் பதிவேட்டுக்கும் 'மஸ்டர் ரோல்' என்றே பெயர் வைத்தார்கள்.

இங்கிலீஷில் 'பாஸ் மஸ்டர்' என்று ஒரு இடியம் உண்டு. சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி ஆள், உடை, ஆயுதம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அதிகாரி பார்ப்பார். அதில் தேறினால் மஸ்டர் பாஸ். இன்று ஒரு டிராயிங்கோ ஒரு வெல்டிங்கோ தரத்தில் தேறுகிறதா என்று கேட்கவும் "வில் இட் பாஸ் மஸ்டர்?" என்கிறார்கள். காட்டுவது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்தான் இதன் மூலம். அகராதியைப் புரட்டாமலே எங்கள் ஊர்ப் பாட்டிக்குப் பாதி அர்த்தம் தெரியும். மஸ்டரில் நின்று பழகியவர் அல்லவா!

உலையும் உரைகல்லும்

'ஸ்ட்ரைக் வைல் தி அயர்ன் இஸ் ஹாட்' என்பது எல்லோருக்கும் தெரிந்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசரின் எழுத்திலேயே இந்தப் பேச்சு இருக்கிறது. இரும்பு சிவந்திருக்கும்போது அடித்தால்தான் வளையும். ஆறிப்போனால் சுத்தியல்தான் எகிறும். ஃபோர்ஜிங் ஷாப்பில் ஒரு மணி நேரம் நின்றவனுக்கு இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இதே கருத்துக்கு நம்மிடம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' இருக்கிறது. அவர்கள் பேச்சு உலையில் பிறந்தது, நம் பேச்சு நெற்களத்தில் பிறந்தது.

'ஆசிட் டெஸ்ட்' என்பது தட்டான் பட்டறைச் சரக்கு. நைட்ரிக் ஆசிடில் செம்பு கரையும், வெள்ளி கரையும். தங்கம் மட்டும் அசையாது. அதனால் கடைசியில் உண்மையைக் காட்டிக்கொடுக்கும் சோதனைக்கு ஆசிட் டெஸ்ட் என்று பெயர் வந்தது. நாம் 'உரசிப் பார்த்தாத்தான் தெரியும்' என்கிறோமே, அது உரைகல்லில் பிறந்தது. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்குப் பக்கத்திலிருந்து வரும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

'ஹால்மார்க்' என்பதும் இதே குடும்பம்தான். லண்டனில் பொற்கொல்லர் சங்கத்தின் மண்டபம் 'கோல்ட்ஸ்மித்ஸ் ஹால்'. 1478 முதல் நகைகளை அங்கே கொண்டுபோய்ச் சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஆனது. ஹாலில் போட்ட மார்க், ஹால்மார்க். நம் நாட்டில் தங்கத்துக்கு ஹால்மார்க் திட்டம் 2000-இல் வந்து, 2021-இல் பல மாவட்டங்களில் கட்டாயமானது. இன்று ஒருவருடைய நேர்த்தியான வேலையின் அடையாளத்தையும் ஹால்மார்க் என்கிறார்கள்.

துப்பாக்கிக்காரன் பேச்சு

பழைய காலத்துப் பிளின்ட்லாக் துப்பாக்கியில் விசையை இழுத்தால், சக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசிப் பொறி பறக்கும். பொறி ஒரு சின்னத் தட்டில் இருக்கும் மருந்தில் விழும். அந்த நெருப்பு ஒரு துளை வழியாகக் குழலுக்குள் போய், உள்ளே இருக்கும் பெரிய மருந்தைப் பற்றவைத்தால்தான் குண்டு பாயும். சில சமயம் தட்டில் இருப்பது மட்டும் பளிச்சென்று எரிந்து அணைந்துவிடும். வெளிச்சம் உண்டு, வெடி இல்லை. அதுதான் 'ஃப்ளாஷ் இன் தி பேன்'. முதல் செமஸ்டரில் டிஸ்டிங்ஷன் வாங்கிவிட்டு அடுத்த செமஸ்டரில் நாலு அரியர் வைக்கிற ஆளைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? "புஸ்வாணம் ஆயிட்டான்டா" என்கிறோம். அவர்களுக்குத் துப்பாக்கி, நமக்குத் தீபாவளி. சமாச்சாரம் ஒன்றுதான்.

'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்றால் ஒன்றுவிடாமல் முழுசாக என்று பொருள். பூட்டும் பீப்பாயும் இங்கே எங்கே வந்தன என்று பலருக்குச் சந்தேகம். லாக் என்பது துப்பாக்கியின் விசை அமைப்பு, ஸ்டாக் என்பது மரக்கட்டைப் பகுதி, பேரல் என்பது குழல். மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி. அசெம்பிளி டிராயிங் போட்டவர்களுக்கு இது பார்ட்ஸ் லிஸ்ட் மாதிரி!

'ஹாஃப் காக்ட்' என்று ஒன்று. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தினால் அது பத்திரமான நிலை; அப்போது வெடிக்கக் கூடாது. அப்படியும் வெடித்துவிட்டால் ஆபத்து. தயாராகாமல் அவசரப்பட்டு ஒரு காரியத்தில் இறங்குவதை 'கோ ஆஃப் ஹாஃப் காக்ட்' என்பார்கள். புராஜெக்ட் வைவாவுக்கு முதல் நாள் ராத்திரி ரிப்போர்ட்டைப் படிக்கிறவர்கள் கவனிக்கவும்.

நீராவி, நட்டு, ஸ்பேனர்

1829-இல் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' என்ஜின் ஓடியது. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. நீராவி வந்த பிறகு இங்கிலீஷ்காரன் கோபம்கூட பாய்லர் பாஷைக்கு மாறியது. அழுத்தம் அளவைத் தாண்டினால் சேஃப்டி வால்வு திறந்து நீராவி வெளியேறும். இல்லாவிட்டால் பாய்லரே வெடிக்கும். மனசில் அடைத்து வைத்ததைக் கத்தியோ ஓடியாடியோ வெளியே விடுவதற்கு 'லெட் ஆஃப் ஸ்டீம்' என்று பெயர். 1679-இல் டெனிஸ் பாப்பின் செய்த அழுத்தப் பாத்திரத்திலேயே இந்த வால்வு உண்டு. நம் வீட்டுக் குக்கர் அதன் பேரப்பிள்ளை. 'எனக்குப் பிரஷர் ஏத்தாதே' என்று நாம் சொல்வதும் இந்த வகையறாதான்.

'எ ஸ்குரு லூஸ்' என்பதை விளக்கவே வேண்டாம். நாம் 'நட்டு லூஸ்' என்கிறோம். அதற்கும் முன்னால் நம்மிடம் 'மறை கழண்ட கேஸ்' இருக்கிறது. மறை என்றால் திருகாணியின் புரி, அதாவது த்ரெட். இரண்டு பாஷைக்காரர்களும் தனித்தனியாக யோசித்து ஒரே பாகத்தைக் கழற்றியிருக்கிறார்கள்!

'ஸ்பேனர் இன் தி ஒர்க்ஸ்' என்பது ஓடுகிற இயந்திரத்துக்குள் ஸ்பேனரைப் போட்டு நிறுத்துவது. அமெரிக்காக்காரன் ஸ்பேனருக்குப் பதிலாக 'மங்கி ரென்ச்' என்பான். நாம் 'முட்டுக்கட்டை போடுறான்' என்கிறோம். தேர் ஓடும்போது சக்கரத்தின் கீழே கொடுத்து அதை நிறுத்தும் கட்டைதான் முட்டுக்கட்டை. அவர்கள் பேச்சில் ஃபாக்டரி, நம் பேச்சில் தேரடி வீதி.

'ஸ்கொயர் பெக் இன் எ ரவுண்ட் ஹோல்' என்றால் வட்ட ஓட்டையில் சதுர முளை. பொருந்தாத இடத்தில் மாட்டிக்கொண்ட ஆள். ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்துக் கை வீங்கியவனுக்கு இதன் வலி நன்றாகவே தெரியும்.

நம்ம சரக்கும் அங்கே இருக்கிறது

இதுவரை அவர்கள் பட்டறையைப் பார்த்தோம். நம் பட்டறையிலிருந்து போனதும் உண்டு.

மெஷின் ஷாப்பில் இருப்பவர்கள் 'கொரண்டம்' என்ற பெயரைப் படித்திருப்பீர்கள். மோ அளவுகோலில் கடினம் 9. வைரத்துக்கு அடுத்த படி. அந்தப் பெயர் தமிழ்க் 'குருந்தம்' என்பதிலிருந்து போனது. குருந்தக்கல் கிடைக்கும் சித்தம்பூண்டி நமக்கு ரொம்பத் தூரமில்லை. இன்று நாமக்கல் மாவட்டம், 1997-க்கு முன்னால் நம்ம சேலம் மாவட்டம். சிவில் நண்பர்களுக்கு 'அனிகட்'. அது நம் 'அணைக்கட்டு'தான். கல்லணையை இங்கிலீஷ் ஆவணங்களில் 'கிராண்ட் அனிகட்' என்றுதான் எழுதினார்கள். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராக நிற்கிறது. மிளகுத்தண்ணி 'மல்லிகட்டானி' சூப் ஆனது. சுருட்டு 'செரூட்' ஆனது.

உருக்கு விஷயம் இன்னும் சுவாரஸ்யம். தென்னாட்டு உருக்கை வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்றார்கள். கன்னடத்தில் உருக்குக்கு 'உக்கு' என்று பெயர். அதைத் தப்பாக எழுதியதில் 'வூட்ஸ்' ஆகிவிட்டது என்பது அறிஞர்கள் கருத்து. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த உருக்கைப் பற்றிக் கட்டுரை படித்தார். பிறகு அதை ஆராய்ந்தவர்களில் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் காலையில் எழுந்ததும் கும்பிட வேண்டிய ஆள்! அவர் ஒரு கொல்லரின் மகன். பெரிய பள்ளிக்கூடப் படிப்பு இல்லாமல், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகியவர். நம் கொல்லர் செய்த உருக்கை லண்டனில் ஒரு கொல்லர் மகன் ஆராய்ந்தார் என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கவில்லையா?

இப்படிப் போன இந்தியச் சொற்களையெல்லாம் தொகுத்து 1886-இல் யூல், பர்னல் என்ற இருவர் பெயரில் ஒரு பெரிய அகராதி வந்தது. பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். அகராதி வெளிவருவதைப் பார்க்காமலே 1882-இல் காலமாகிவிட்டார். அகராதியின் பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. மொஹரம் ஊர்வலத்தில் "யா ஹசன், யா ஹுசைன்" என்று எழும் குரல் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் காதில் அப்படி விழுந்திருக்கிறது. காதில் விழுந்ததை வாய்க்கு வசதியாக மாற்றிக்கொள்வதில் நாமும் அவர்களும் ஒரே ஜாதி!

அந்தச் சிப்பாய்கள் இங்கிருந்து ஸ்லாங்கும் கொண்டுபோனார்கள். 'குஷ்' என்ற பாரசீக, உருதுச் சொல்லிலிருந்து 'குஷி ஜாப்', அதாவது சொகுசான வேலை. நமக்கும் 'குஷி' தெரியும். 'தேக்கோ' என்ற இந்தி 'டெக்கோ' ஆனது. "ஒரு பார்வை பாருடா" என்கிற பொருளில் இன்றும் சொல்வார்கள். அயல்நாடு என்ற பொருளுள்ள 'விலாயத்' என்பதிலிருந்து 'பிளைட்டி' வந்தது. 1914-18 போரில் வெள்ளைக்காரச் சிப்பாய் தன் சொந்த ஊரையே அந்தப் பெயரால் ஏக்கத்தோடு சொன்னான். நாம் வைத்த 'சீமை' மாதிரி. சீமெண்ணெய், சீமைச்சரக்கு எல்லாம் அதில் வந்தவைதானே.

கதை விடுகிறவர்கள் ஜாக்கிரதை

சொல்லின் கதை சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காகவே பொய்க் கதை பரவிவிடும்.

'பாஷ்' என்றால் பணக்காரப் பகட்டு. இந்தியாவுக்குக் கப்பலில் வரும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை. வெயில் படாத அந்த அறைகளின் டிக்கெட்டில் அடித்த நாலெழுத்துச் சுருக்கமே 'பாஷ்' என்று ஒரு கதை சுற்றுகிறது. அப்படி முத்திரை அடித்த டிக்கெட் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.

'சபோடாஜ்' என்றால் தொழிலாளர்கள் மரச்செருப்பை மிஷினுக்குள் எறிந்தது என்பார்கள். மரச்செருப்புக்குப் பிரெஞ்சில் 'சபோ' என்று பெயர் இருப்பது உண்மை. எறிந்த கதைக்கு ஆதாரம் இல்லை. வேலையை அரைகுறையாகச் செய்து கெடுப்பது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது என்பதே சரி.

'ரூல் ஆஃப் தம்ப்' என்றால் குத்துமதிப்பு. கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத குச்சியால் மனைவியை அடிக்கலாம் என்று இங்கிலாந்தில் இருந்த சட்டமே இதன் மூலம் என்று ஒரு கதை உண்டு. அப்படி ஒரு சட்டம் இருந்ததற்குச் சான்று கிடையாது. சொற்றொடர் 17-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கியிருக்கிறது. கட்டைவிரலால் அளப்பது எல்லா ஊர்க் கைவேலைக்காரனுக்கும் பழக்கம்தான். நாமும் விரற்கடை, சாண், முழம் என்று கையையே டேப்பாக வைத்திருந்தவர்கள்தானே.

கம்ப்யூட்டர் நண்பர்களுக்கு ஒன்று. 1947-இல் ஹார்வர்ட் மார்க் 2 கம்ப்யூட்டரின் ரிலேயில் ஒரு விட்டில்பூச்சி சிக்கியதையும், அதை எடுத்து நோட்டில் ஒட்டி வைத்ததையும் படித்திருப்பீர்கள். அது உண்மை. 'பக்' என்ற சொல் அன்றுதான் பிறந்தது என்பது மட்டும் தப்பு. 1878-லேயே எடிசன் தன் கருவிகளில் வரும் கோளாறுகளுக்கு அந்தச் சொல்லை எழுதியிருக்கிறார்.

நம் பக்கத்துப் பெருமைக் கதையையும் சோதிக்க வேண்டும் அல்லவா? 'கேஷ்' என்ற சொல் நம் 'காசு' என்று மேடையில் அடித்துச் சொல்வார்கள். 'கேஷ்' என்ற பழைய சின்ன நாணயத்தின் பெயர் காசிலிருந்து போனது சரிதான். கையிருப்புப் பணம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' வேறு; அது பணப்பெட்டி என்ற பொருளுள்ள பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. ஆசிட் டெஸ்ட் எல்லோருக்கும் பொது!

'டெட்லைன்' மட்டும் கதை மாதிரி இருந்தாலும் நிஜம். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-இல் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உள்ளே ஒரு கோடு வைத்திருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால் காவலன் சுட்டுவிடுவான். ரெக்கார்டு நோட்டுக்கு டெட்லைன் என்று சார் சொல்லும்போது இதை நினைத்துக்கொண்டால் பயம் குறையும். நம்மை யாரும் சுடப்போவதில்லை!

சொல்லுக்குப் பின்னால் மனிதர்

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். இங்கிலீஷ் பத்திரிகைகளில் 'பரையா' என்ற சொல்லைப் பார்க்கிறோம். மற்ற நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டைப் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகிறார்கள். பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்த நம் மக்களின் பெயர் அது. சொல் கடல் தாண்டியபோது இசையை இங்கேயே விட்டுவிட்டு, நம் சமூகம் செய்த அவமானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. எழுதுகிறவருக்கு அதன் வலி தெரியாமல் இருக்கலாம். தமிழ் தெரிந்த நமக்குத் தெரியாது என்று சொல்ல முடியுமா? நாம் எழுதும் இங்கிலீஷில் அதற்கு இடம் வேண்டாம். 'ஐசொலேட்டட்' என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

'கூலி' என்ற சொல்லும் அப்படித்தான். குஜராத் பக்கத்து 'கோலி' என்ற இனப்பெயரும், உழைப்புக்கு வாங்கும் சம்பளமான நம் 'கூலி'யும் அதில் கலந்திருப்பதாகச் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் எல்லோரையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். உழைத்து வாங்கும் காசுக்குப் பெயராக இருந்தது, ஆளை இழிவுபடுத்தும் சொல்லாக மாறியது. சொல்லின் மூலம் தெரிந்தால் எதைப் பேசுவது என்பது மட்டுமல்ல, எதைப் பேசாமல் விடுவது என்பதும் தெரியும்.

சரி, எப்படிப் படிப்பது?

எனக்குத் தெரிந்த வழி இது. புதிதாக ஒரு இடியம் காதில் விழுந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்தத் தொழில்காரன் பேச்சு? எந்தக் கருவி, எந்த வேலை? நம்ம ஊரில் இதற்கு என்ன சொல்வோம்? 'பாட்டில்நெக்' என்றால், பாட்டிலின் கழுத்து குறுகலாக இருப்பதால் உள்ளே இருப்பது மெதுவாகத்தான் வெளியே வரும். ஒரு லைனில் பத்து மிஷின் வேகமாக ஓடியும் ஒன்று மெதுவாக ஓடினால் அந்த ஒன்றுதான் பாட்டில்நெக். மலைப்பாதையில் ஒரு லாரி முக்கிக்கொண்டு ஏற, பின்னால் முப்பது வண்டி நிற்கிறதே, அதுவும் பாட்டில்நெக். இப்படி ஒரு தடவை படமாகப் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

அதற்காக வாய் திறந்தால் இடியமாகக் கொட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நாம் பேசும்போது சின்னச் சின்ன வாக்கியம் போதும். எதிரே இருப்பவர் சொல்வது புரிந்தால் போதும். புரியாவிட்டால் "சார், குட் யூ ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் தட்?" என்று தைரியமாகக் கேளுங்கள். டிராயிங்கில் ஒரு டைமன்ஷன் புரியவில்லை என்றால் கேட்காமல் மெட்டலை வெட்டுவோமா? பாஷையிலும் அதே ஒழுங்குதான்.

ஜூனியர் தம்பி தங்கைகளே! இங்கிலீஷ் என்பது யாரோ ஏ.சி. ரூமில் உட்கார்ந்து செய்த சரக்கு என்று பயப்படாதீர்கள். கொல்லனும், சிப்பாயும், என்ஜின் டிரைவரும், நம் அணைக்கட்டுக்காரரும், கட்டுமரக்காரரும் சேர்ந்து கையழுக்கோடு செய்தது அது. ஸ்பேனர் பிடிக்கிற கைக்கு அந்தப் பாஷையில் ஏற்கனவே பங்கு இருக்கிறது. தைரியமாகப் போய் உங்கள் பங்கைக் கேளுங்கள். வாழ்த்துகள்!